பயனில் பங்கு

தொண்டை நாட்டில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஊர் ஆரணி. அதன் பெயரைக் கேட்ட அளவில் பட்டுச்சேலை எவர்க்கும் நினைவுக்கு வரும். வேறோர் ஊரில் நெய்த சேலையை ஆரணிப் பட்டு என்று விற்பது முறையன்று. ஆதலால் அப்பெயருக்குப் புவிசார் குறியீடு என்னும் சட்டக் காவல் உண்டு.

பெயருக்குக் காவல் உண்டு. பட்டு நூலைத் தரும் புழுவுக்கு உண்டோ? முசுக்கொட்டை இலை தின்னும் பட்டுப்புழுவை முதன்முதல் வளர்த்தவர் சீனர். ஏறத்தாழ கி.பி. 552இல் துறவியர் சிலர் அப்புழுவின் முட்டைகளைக் கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்குக் கொண்டு சென்றனர். கடுகளவே ஆன முட்டை ஒரு பேரரசின் பட்டுத் தொழிலுக்கே வித்தாயிற்று. ஆனால், புழுவைப் பேணி வளர்த்த மக்களின் இசைவை எவரும் கேட்கவில்லை. பயனில் பங்கும் தரவில்லை.

இவ்வாறு தலைமுறைதோறும் தொடரும் பண்புகளைத் தம்முள் கொண்டு மனிதர்க்குப் பயன்படும் விதை, செடி, புழு, நுண்ணுயிர் முதலியவற்றை மரபணு வளங்கள் என்பர். அவற்றின் பயனை அறிந்து காத்தவர் பெரும்பாலும் எளிய மக்களே.

அகத்தியமலைப் பகுதியில் வாழும் காணி மக்களின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1987ஆம் ஆண்டில் அம்மலைக்குச் சென்ற அறிவியலாளர், வழிகாட்டிய காணியர் ஒரு செடியின் கனியைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. அதைச் செய்யும் உரிமையைப் பெற்ற நிறுவனம் 10 இலட்சம் ரூபாய் தந்தது. அதில் பாதி காணியர்க்கு என முடிவாயிற்று. 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. எனினும், காணியர் அனைவரையும் முன்னரே கலந்து பேசவில்லை என்ற குறை எழுந்தது. பங்கு தருவது மட்டும் போதாது, முன்னர்க் கேட்டலும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

உலக நாடுகளும் இவ்வறத்தை ஏற்றுள்ளன. 1992இல் உருவான பல்லுயிர் உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் உயிர் வளங்கள்மீது உரிமை உண்டு என்றது. இந்தியா 2002இல் பல்லுயிர்ச் சட்டம் இயற்றியது. அதன்வழித் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில் அமைந்தது. சப்பானின் நகோயா நகரில் 2010இல் ஏற்கப்பட்ட ஒப்பந்தம், முன் இசைவு பெறுதலையும் பயனை நேர்மையாகப் பகிர்தலையும் விரிவாக வகுத்தது. அது 2014இல் நடைமுறைக்கு வந்தது.

"காட்டில் கிடக்கும் தழைக்கு விலை ஏது? ஆய்வாளரின் உழைப்பன்றோ அதை மருந்தாக்கியது?" என்று வினவுவோர் உளர். ஆய்வாளரின் உழைப்பு பெரிதே. ஆயின், இதற்கு விடை ஆரணியின் தறியிலேயே உள்ளது. புழு வளர்த்தவர், நூல் எடுத்தவர், சாயம் தோய்த்தவர், நெய்தவர் ஆகிய அனைவரின் உழைப்பும் சேர்ந்ததே சேலை. நெய்தவரின் திறம் பெரிது என்பதற்காகப் புழு வளர்த்தவர்க்குரிய விலையை மறுத்தல் அறமாகுமோ?

வளத்தைப் பூட்டி வைத்தலும் அறமன்று. பட்டுப்புழு சீனத்தை விட்டு வெளியே வாராதிருப்பின் ஆரணித் தறிகள் நூலுக்கு எங்கே செல்லும்? எந்த நாடும் கொடுப்பதாக மட்டுமோ, பெறுவதாக மட்டுமோ இருப்பதில்லை. காணியரின் செடிக்குப் பங்கு கேட்கும் நாடு, பிற நாட்டாரின் வளத்தைத் தான் பெறும்போதும் அதே நேர்மையைக் காட்டுதல் வேண்டும். கேட்டுப் பெறுதல், பெற்றதன் பயனைப் பகிர்தல் ஆகிய இரண்டும் பாவும் ஊடையும் போன்றவை. ஒன்று அறுந்தாலும் அறம் என்னும் ஆடை நில்லாது.