ஏரியில் சம்பு இருந்துவிட்டுப் போகட்டும்

எங்கள் நகர் நலச் சங்கத்தின் செயலாளர் போன வாரம் ஒரு மனுவோடு வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் ராத்திரி பத்து மணிக்கும் போன் போட்டு விரட்டுகிறவர். “சார், நீங்க தாவரவியல் வாத்தியார். உங்க கையெழுத்து முதல்ல இருந்தா எடுப்பா இருக்கும்” என்றார். வாங்கிப் படித்தேன். ஏரியில் மண்டிக் கிடக்கும் ‘கோரைப் புல்லை’ ஒன்று விடாமல் அகற்ற வேண்டும், உள்கரையைச் சிமெண்டால் பூச வேண்டும், சுற்றிலும் நடைபாதையும் விளக்கும் வேண்டும் என்று மனு. காப்பி கொடுத்தேன், கையெழுத்துக் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே, “வாத்தியார் ஏரி சுத்தமாவது பிடிக்காதவர்” என்று பேச்சு கிளம்பிவிட்டதாகக் கேள்வி. ஆகவே என் பக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர். அது கோரை அல்ல, சம்பு. அகராதியில் சண்பு என்ற வடிவமும் உண்டு. யானைக்கோரை என்றும் சிலர் சொல்வார்கள். பாய் நெய்கிற கோரைக்குத் தண்டு முக்கோணமாக இருக்கும். விரலால் உருட்டினாலே தெரியும். சம்புக்கு இலை பட்டையாக, நாடா மாதிரி, ஆள் உயரத்துக்கு மேல் போகும். நடுவில் ஒரு தண்டு கிளம்பி அதன் நுனியில் பழுப்பு நிறத்தில் உருளையாக ஒரு கதிர் நிற்கும். பார்க்க ஊதுவத்திக்கு அண்ணன் மாதிரி இருக்கும். அந்தப் பழுப்புப் பகுதி முழுவதும் பெண் பூக்கள். அதற்கு மேலே மெல்லியதாக இருப்பது ஆண் பூக்கள். மகரந்தம் கொட்டியதும் உதிர்ந்துவிடும். கதிர் முற்றி வெடித்தால் பஞ்சு பறக்கும். ஒரே கதிரில் இலட்சத்துக்கும் மேல் விதை இருக்கும். நாங்கள் சின்ன வயதில் அதை ஒருவர் முதுகில் ஒருவர் அடித்து உடைத்து, சட்டையெல்லாம் பஞ்சாகி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் உலகப் போரில் ஜாவாவை ஜப்பான் பிடித்துக்கொண்டு இலவம்பஞ்சு வரத்து நின்றபோது, உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளை அடைக்க அமெரிக்காவில் இந்தப் பஞ்சையும் பயன்படுத்தினார்கள். தண்ணீர் ஒட்டாத பஞ்சு அது.

சரி, எங்கள் ஏரிக்கு இது எப்படி இத்தனை வந்தது? நான் இங்கே மனை வாங்கிய நாளில் இந்த அளவு இல்லை. ஓடை ஏரியில் சேருகிற மூலையில் ஒரு திட்டாக இருந்தது, அவ்வளவுதான். அப்போது பங்குனி, சித்திரையில் ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும். மாடுகள் உள்ளே இறங்கி மேயும். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அந்தக் காய்ச்சலில் சம்பு ஒடுங்கிப்போகும். இன்று ஏரி வற்றுவதே இல்லை. அதைப் பார்த்து, “கோடையிலும் தண்ணீர் நிற்கிறது, என்ன பாக்கியம்!” என்று புதிதாகக் குடிவந்தவர்கள் சொல்கிறார்கள். நிற்பது மழைத் தண்ணீர் அல்ல. நம் வீட்டுக் குளியலறையிலும் சமையலறையிலும் இருந்து போகிற தண்ணீர். சில அடுக்குமாடிகளில் இருந்து மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாகச் சேர்த்த கழிவுநீர். அதில் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏராளம். சம்புக்கு அது பந்திச் சாப்பாடு. வருஷம் முழுக்கத் தண்ணீர், வருஷம் முழுக்க உரம். அது செழிக்காமல் வேறு என்ன செய்யும்?

இதைத்தான் நான் செயலாளர் தம்பியிடம் சொன்னேன். காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரை உடைத்து எறிகிற மாதிரி இருக்கிறது உங்கள் மனு. சம்பை எடுத்தால் கழிவுநீர் வருவது நின்றுவிடுமா? அடுத்த ஆறு மாதத்தில் அந்த இடத்தில் ஆகாயத்தாமரை பிடிக்கும், இல்லாவிட்டால் பச்சைப்பாசி. இரண்டில் எது வந்தாலும் நாற்றம் கூடுமே தவிரக் குறையாது. ஏனென்றால் சம்பு அங்கே சும்மா நிற்கவில்லை, வேலை பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அது என்ன வேலை என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற பழக்கம். சேற்றுக்குள் காற்று கிடையாது. சாதாரணச் செடியின் வேர் அங்கே மூச்சு முட்டி அழுகிவிடும். சம்பின் இலையை ஒடித்துப் பாருங்கள், உள்ளே பஞ்சு போலக் கண்ணறை கண்ணறையாக இருக்கும். அவையெல்லாம் காற்றுக் குழாய்கள். மேலே இருக்கிற காற்று அதன் வழியாகக் கீழே கிழங்குக்கும் வேருக்கும் போகிறது. அதில் ஒரு பங்கு வேரைச் சுற்றியுள்ள சேற்றிலும் கசிகிறது. வேரை ஒட்டி வாழ்கிற பாக்டீரியாக்கள் அந்தக் காற்றை வைத்துக்கொண்டு கழிவுநீரில் உள்ள அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அடுத்து ஒரு விரற்கடை தள்ளிக் காற்றில்லாத சேறு. அங்கே இருக்கிற வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கே அனுப்பிவிடுகின்றன. செடி தன் பங்குக்கு ஒரு பகுதியைச் சாப்பிட்டு இலையாக்கிக்கொள்கிறது. நெருக்கமாக நிற்கிற தண்டுகள் தண்ணீரின் வேகத்தை அடக்குவதால் வண்டல் அங்கேயே படிகிறது. அலை நேராகக் கரையில் மோதுவதும் குறைகிறது.

ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண்மணி 1950களிலேயே நீர்த்தாவரங்களை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் சோதனைகளைத் தொடங்கினார். அந்த வழியில் வந்த நாணல் படுகைகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. நம் ஆரோவில்லிலும் உண்டு. பணம் செலவழித்து அங்கே நட்டு வளர்க்கிறார்கள். இங்கே தானாக வந்து நிற்பதை ஜேசிபி வைத்துப் பிடுங்க மனுப் போடுகிறோம்.

கொசு வருகிறது என்கிறார்கள். இதில் பாதி நியாயம் உண்டு. கழிவுநீர் தேங்கிக் கிடந்தால் க்யூலக்ஸ் கொசு பெருகும். சம்பு மிகவும் அடர்ந்துவிட்டால் புழுவைத் தின்னும் மீன்கள் உள்ளே போக முடியாது. ஆனால் நம் தெருவில் எல்லோரும் பயப்படுகிற டெங்குவைப் பரப்பும் கொசு ஏரியில் வளர்வதில்லை. அது மொட்டை மாடியில் கவிழ்க்காமல் விட்ட பக்கெட்டிலும், பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டிலும், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தாம்பாளத்திலும் வளர்கிறது. மனுவில் கையெழுத்துப் போட்ட எத்தனை பேர் அந்தத் தட்டைக் கொட்டிவிட்டு வந்தார்கள் என்று தெரியவில்லை. பாம்பும் வருகிறது என்கிறார்கள். அங்கே பெரும்பாலும் இருப்பது தண்ணீர்ப்பாம்பு. அதற்கு விஷம் கிடையாது, கோபம்தான் உண்டு.

காலை நடைக்குக் கலங்கல் பக்கம் வருகிறவர்கள் ஒரு நாள் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். நீலத் தாழைக்கோழி ஒரு குருத்தைக் காலால் பிடித்து, கரும்பு கடிக்கிற மாதிரி உரித்துத் தின்னும். கோழிக்குஞ்சு போலக் கறுப்பாகக் குஞ்சுகள் பின்னாலேயே ஓடும். மஞ்சள் குருகு கழுத்தை நீட்டி அசையாமல் நின்றுவிட்டால் அதுவும் ஒரு சம்புத் தண்டாகிவிடும், கண்டுபிடிக்கவே முடியாது. தூக்கணாங்குருவியில் உடம்பெல்லாம் கீற்றுக் கீற்றாக உள்ள ஒரு வகை உண்டு. அது பனைமரத்துக்குப் போகாது. தண்ணீருக்கு நடுவே நிற்கிற இந்தப் புல்லில்தான் கூடு பின்னும். எங்கள் கிராமத்தில் ஒரு நீர்க்கோழிக்கே சம்பங்கோழி என்றுதான் பெயர். ஒரு செடியின் பெயரைப் பறவைக்கு வைத்தவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்த்தவர்கள். விரால் தன் குஞ்சுகளைப் பொத்திக் காப்பதும் இந்த மாதிரி மறைவுகளில்தான்.

இவ்வளவு சொன்னதால் சம்பை ஒரு தண்டுகூடத் தொடக் கூடாது என்கிற ஆள் நான் இல்லை. அந்தக் கட்சியும் இருக்கிறது; என் பழைய மாணவன் ஒருவன் அந்தக் கட்சி. “இயற்கையை அப்படியே விட்டுடணும் சார்” என்பான். அவனுக்கு நான் சொல்லும் கதை பரத்பூர். ராஜஸ்தானில் உள்ள கேவலாதேவ் பறவைகள் சரணாலயத்தைத் தேசியப் பூங்காவாக்கியபோது, 1982இல் எருமைகள் உள்ளே மேயக் கூடாது என்று தடை போட்டார்கள். பறவையியல் மேதை சாலிம் அலியும் தடை வேண்டும் என்ற பக்கம்தான். சுற்றியுள்ள கிராமத்தார் எதிர்த்து வந்தார்கள், போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. பிறகு என்ன ஆயிற்று? மேய ஆள் இல்லாமல் ஒரு வகை நீர்ப்புல் மண்டி, திறந்த தண்ணீரே குறைந்துபோனது. எருமைகள்தான் அந்த நீர்நிலையைத் திறந்து வைத்திருந்தன என்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வருஷக்கணக்காகச் செய்த ஆய்வில் தெரியவந்தது. செத்துப்போனவர்கள் திரும்பி வரவில்லை.

சம்பே கெடுத்த இடமும் உண்டு. ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே 1986இல் டியாமா அணை கட்டினார்கள். கடல் உப்பு உள்ளே ஏறுவது நின்றது, நீர்மட்டம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி நின்றது. சம்பு கால்வாய்களையும் மீன்பிடி இடங்களையும் அடைத்துக்கொண்டது. அங்கேயும் செடி தானாகக் கெட்டுப்போகவில்லை, மனிதன் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தை நிறுத்தினான். எங்கள் ஏரியில் சாக்கடை செய்கிற வேலையை அங்கே அணை செய்தது.

நமக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை இருக்கிறது. பழைய ஆட்கள் கழிவெளி என்பார்கள். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்கிற மழை அங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போகிறது. அதில் குப்பை கொட்டினோம், கட்டடம் கட்டினோம், ரோடு போட்டோம். 2007இல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள், 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2015லும் 2023லும் டிசம்பரில் வேளச்சேரியில் படகு ஓடியதை டிவியில் பார்த்தோம். நம்மில் சிலர் படகிலேயே இருந்தோம். அங்கே சம்பு நிற்கிற மறைவில் தாழைக்கோழிகள் வாழ்கின்றன. ஆனால் பூநாரை வந்து இறங்க அகலமான, ஆழமில்லாத, திறந்த தண்ணீர் வேண்டும். முழுக்கச் சம்பாகிவிட்டால் பூநாரைக்கு இடம் இல்லை, முழுக்க வழித்துவிட்டால் தாழைக்கோழிக்கு இடம் இல்லை. ஒரு நீர்நிலைக்கு இரண்டும் வேண்டும்.

எங்கள் கிராமத்தில் இதற்கு யாரும் திட்ட அறிக்கை தயாரிக்கவில்லை. மாசி, பங்குனியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி அரிவாளால் அறுப்பார்கள். மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போட ஆகும். முரட்டுப் பாய் பின்ன ஆகும். இளங்குருத்தை எருமை தின்னும். இன்று கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ், பாய்க்குப் பிளாஸ்டிக், எருமையைக் காணோம். சம்பைக் கேட்க ஆள் இல்லாமல் போனதும் அது பெருகியதற்கு ஒரு காரணம்.

அந்த அறுப்பில் ஒரு சூட்சுமம் இருந்தது. தண்ணீர் மட்டத்துக்கு அடியில் அறுப்பார்கள். காற்றுக் குழாய் என்று மேலே சொன்னேனே, காய்ந்த தண்டு வழியாகக்கூடக் கிழங்குக்குக் காற்று போகும். பச்சையும் காய்ந்ததும் சேர்த்துத் தண்ணீருக்கு அடியில் வெட்டினால் அந்தக் கிழங்கு மூச்சு முட்டிச் சாகும். ஜேசிபி அப்படிச் செய்வதில்லை. கிழங்கைத் துண்டு துண்டாக்கி ஏரி முழுக்கப் பரப்பிவிட்டுப் போகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. பக்கத்து ஊர் ஏரியில் போன தடவை செலவழித்துத் தூர்வாரினார்களே, இப்போது போய்ப் பாருங்கள்.

ஆகவே செயலாளர் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த மாற்று மனு இதுதான். வடிகாலில் கழிவுநீர் சேர்த்திருக்கிற இணைப்புகளை முதலில் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், நம் சங்க உறுப்பினர்கள் வீட்டில் இருந்தே தொடங்கலாம். ஒரு பட்டைச் சம்பு ஊர்ச் சாக்கடை முழுவதையும் சுத்தம் செய்துவிடாது, அதற்குச் சுத்திகரிப்பு நிலையம்தான் வேண்டும். ஓடை சேருகிற மூலையிலும் மேற்குக் கரை ஓரத்திலும் சம்பு அப்படியே இருக்கட்டும். நடு ஏரியிலும் மதகுப் பக்கமும் ஆள் வைத்து, மாசியில், தண்ணீருக்கு அடியில் அறுக்க வேண்டும். அறுத்ததைக் கரையில் போட்டு அழுக விடாமல் வெளியே எடுத்துப்போய் எருவாக்க வேண்டும். இல்லாவிட்டால் அது உறிஞ்சியதெல்லாம் மறுபடி தண்ணீருக்கே போய்விடும். ஆடி, ஆவணியில் யாரும் உள்ளே இறங்கக் கூடாது, கூட்டில் குஞ்சு இருக்கும். நடைபாதை போடட்டும், எனக்கும் முட்டி வலிக்குச் சமதரை தேவை. உள்கரையில் சிமெண்ட் மட்டும் வேண்டாம்.

தம்பி படித்துவிட்டு, “கமிட்டியில வைக்கிறேன் சார், ஆனா கோடி வீட்டு மாமி பாம்பு விஷயத்துல விடமாட்டாங்க” என்றார். மாமியை நானே காலை நடைக்குக் கூட்டிப்போய்த் தாழைக்கோழிக் குஞ்சுகளைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கூட்டம் வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, பிள்ளையார் கோயில் மண்டபத்தில்.