சுரோஸ் வெடித்தால் யார் பொறுப்பு?

"வீட்டில் முறுக்கு அச்சு இருக்கிறதா? அப்படியென்றால் சுரோஸ் ரெடி!"

தமிழ்ச் சமையல் வீடியோக்களில் இந்த மாதிரி வரி அடிக்கடி வருகிறது. பாதி உண்மைதான். ஸ்பெயின்காரர்களின் சுரோஸும் முறுக்கும் தூரத்துச் சொந்தம் மாதிரி. இடியாப்பத்துக்குச் செய்வது போலக் கொதிக்கும் தண்ணீர் விட்டு மைதாவைக் கிளற வேண்டும், அச்சில் போட்டு எண்ணெயில் பிழிய வேண்டும், பொரிந்ததும் சர்க்கரையிலும் பட்டைத்தூளிலும் புரட்ட வேண்டும். முட்டைகூட வேண்டாம். பழைய ஸ்பானிஷ் முறையில் மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான்.

மீதிப் பாதிதான் பிரச்னை. அச்சில் எந்த வில்லையைப் போடுவது? எண்ணெய் எவ்வளவு காய வேண்டும்? பெரும்பாலான குறிப்புகளில் இதற்குப் பதில் "எண்ணெயை நன்கு காயவிடவும்" என்ற மூன்று வார்த்தைதான். வேறு பண்டம் என்றால் பரவாயில்லை, கருகும் அல்லது எண்ணெய் குடிக்கும், போகட்டும். சுரோஸ் அப்படி இல்லை. தப்பாகச் செய்தால் வெடிக்கும்.

மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் சிலி நாட்டுக் கதையைப் பார்க்கலாம். 2004-ல் அங்கே 'லா டெர்சேரா' என்ற பெரிய பத்திரிகை சுரோஸ் செய்முறை ஒன்றை வெளியிட்டது. படித்தவர்கள் ஆசையாகச் செய்து பார்த்தார்கள். சில நாட்களிலேயே கொதிக்கும் எண்ணெய் தெறித்துப் பலர் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வழக்கு ஏழு வருடம் இழுத்தது. கடைசியில் 2011 டிசம்பரில், பாதிக்கப்பட்ட 13 பேருக்கு மொத்தம் சுமார் 1,25,000 டாலர் கொடுக்கும்படி பத்திரிகை நிறுவனத்துக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. குறிப்பில் இருந்த சூட்டுக்கு எண்ணெயைக் காயவைத்து, எழுதியபடியே செய்தால் வெடிப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு என்பதும், அச்சில் போடுவதற்கு முன் பத்திரிகை அதைச் சரியாகச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதும் நீதிபதிகள் கண்டது. கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்கள் குறிப்பை மீறவில்லை. சொன்னபடிதான் செய்தார்கள்.

சரி, ஏன் வெடிக்கிறது? கோகுலாஷ்டமிக்கு உப்புச் சீடை செய்யும் வீடுகளுக்கு இதை விளக்கவே வேண்டாம் :) உருண்டையின் மேல்தோல் சூட்டில் சட்டென்று இறுகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். போக வழியில்லை என்றால் தோலைக் கிழித்துக்கொண்டுதான் வரும், கூடவே எண்ணெயையும் அள்ளிக்கொண்டு. அதனால்தான் பாட்டிமார் மாவை இரண்டு தடவை சலிப்பார்கள், "அழுத்தி உருட்டாதே" என்பார்கள், சிலர் ஒவ்வொரு சீடையையும் ஊசியால் குத்தி வைப்பார்கள்.

சுரோஸில் அந்த ஊசியின் வேலையைச் செய்வது நட்சத்திர வடிவம். அது அழகுக்கு வைத்ததென்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பள்ளமும் மேடுமாக இருந்தால் நடு மாவுக்கும் எண்ணெய்க்கும் உள்ள தூரம் குறையும், உள்ளும் புறமும் ஒன்றாக வேகும், ஆவி வெளியேற இடம் கிடைக்கும். வழவழவென்று உருண்டையாக, விரல் பருமனில் பிழிந்தால் அது ஒரு மூடிய குழாய். தேன்குழலும் உருண்டைதானே என்று கேட்கலாம். அது மெல்லிசு, ஆவி தானாகப் போய்விடும். மைதாக் களியை அதைவிடப் பருமனாகப் பிழியும்போதுதான் வினை. ஆகவே முள்ளு முறுக்குக்குப் போடும் ஒற்றை நட்சத்திர வில்லைதான் சுரோஸுக்கு. "அச்சு இல்லையா? கவலை வேண்டாம், பால் கவரின் நுனியை வெட்டிப் பிழியுங்கள்" என்று சொல்கிறார்களே, அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

இப்போது திருப்பூருக்கு வரலாம். இந்தக் குறிப்புகளை இங்கே யார் பார்க்கிறார்கள்? சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டில் ஏதாவது புதிதாகச் செய்து பார்க்கும் பையன்களும் பெண்களும்தான். தேனி, மதுரையிலிருந்து வந்தவர்கள், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். ஒரே ரூம், ஒரு சின்ன சிலிண்டர், ஒரு சின்ன வாணலி, முகத்துக்கு நேரே அடுப்பு. "தள்ளி நில்லுடா கண்ணு" என்று சொல்ல பக்கத்தில் பாட்டி இல்லை. பாட்டியின் இடத்தில் போன் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இதே ஆட்கள் மற்ற ஆறு நாளும் வேலை செய்வது அளவு தப்பாத உலகத்தில். சாயப்பட்டறையிலும் 'ரெசிபி' என்ற அதே வார்த்தைதான். அங்கே ரெசிபி என்றால் லிட்டருக்கு இத்தனை கிராம் உப்பு, இத்தனை கிராம் சோடா, 60 டிகிரி, இத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கும். "தேவையான அளவு சாயம் போட்டு நன்கு சூடாக்கவும்" என்று ஒரு மாஸ்டர் எழுதிக் கொடுத்தால் அடுத்த நாள் அவருக்கு வேலை இருக்காது. துணிக்கு ஜிஎஸ்எம் 180 என்றால் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதுகூடப் பேப்பரில் இருக்கும். ஏற்றுமதிக் கம்பெனிகளில் தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடிக் கொண்டுபோய்க் காட்டினால்தான் புது ஊசி. எங்கோ ஐரோப்பாவில் ஒரு குழந்தையின் சட்டையில் ஊசி முனை இருந்துவிடக் கூடாதே என்பதற்காக. சட்டைக்குக் கிடைக்கும் அந்தக் கவனத்தில் கொஞ்சம் சட்டை தைத்தவரின் முகத்துக்கும் கிடைத்தால் என்ன?

"சமையல் கைப்பக்குவம், இதற்கெல்லாம் டிகிரி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. பக்குவம் பெரிய விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது. எழுத்திலும் வீடியோவிலும் கை வராது. அந்த இடத்தை எண்தான் நிரப்ப வேண்டும். சுரோஸுக்கு 180-லிருந்து 190 டிகிரி. எண்ணெய்க்கான தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். (2020-ல் கொரோனா நேரத்தில் கம்பெனி கேட்டில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி இதற்கு ஆகாது. அது உடம்புச் சூட்டுக்கு மட்டும்.) அதுவும் இல்லையென்றால் ஒரு துளி மாவைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். போட்ட கையோடு கருகினால் சூடு அதிகம். எண்ணெய் புகைந்தால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான்.

சட்டம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் காளான்களைப் பற்றிய ஒரு கலைக்களஞ்சியத்தை நம்பி விஷக்காளானைத் தின்று, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் போனவர்கள் தொடுத்த வழக்கில், பதிப்பகம் பொறுப்பில்லை என்று 1991-ல் தீர்ப்பானது. புத்தகத்தில் உள்ள கருத்து ஒரு 'பொருள்' ஆகாது என்பது வாதம். இந்தியாவில் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரியான உபயோகக் குறிப்பும் எச்சரிக்கையும் தராத உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் அது காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு. இலவசமாகப் பார்த்த வீடியோ வரைக்கும் அதை நீட்டுவது சுலபமில்லை. கருத்துச் சுதந்திரம் என்று பார்த்தால் அமெரிக்கத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் "இத்தனை டிகிரி" என்று சொல்லி ஒருவரை அடுப்பு முன்னால் நிறுத்துவது வெறும் கருத்து இல்லை. அது வேலை ஏவுவது. சிலி நீதிபதிகள் பக்கம்தான் நியாயம் கனமாக இருக்கிறது.

கோர்ட் வரை போகவே வேண்டாம். குறிப்பு போடுகிறவர்கள் வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம், மாவில் கட்டியும் காற்றும் இருக்கக் கூடாது, நட்சத்திர வில்லை தவிர வேறு போடாதே, முகத்தைத் தள்ளி வை என்று நாலு வரி சேர்த்தால் போதும். லைக் குறையாது. இன்னொரு வரியும் சேர்க்கலாம். எண்ணெய் கையில் தெறித்துவிட்டால் பேஸ்ட்டும் வேண்டாம், இங்க்கும் வேண்டாம், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். வாணலியே தீப்பிடித்தால் மட்டும் தண்ணீரைத் தொடக் கூடாது. கேஸை அணைத்து, தட்டு போட்டு மூட வேண்டும். அந்தத் தட்டு எண்ணெய் காய்வதற்கு முன்பே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.