காசுக்கு ஆடியவன் காலேஜுக்கு ஆடக்கூடாதா?

இது நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்காதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலருக்கு ஒரே கோபம். ஜேம்ஸ் நாஜி என்று ஒரு கூடைப்பந்து வீரர். நைஜீரியாவில் பிறந்தவர், ஸ்பெயினில் பார்சிலோனா கிளப்பில் சம்பளத்துக்கு ஆடியவர். 2023-இல் என்.பி.ஏ. தேர்வில் 31-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். ஆனால் என்.பி.ஏ. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. 2025 டிசம்பரில் டெக்சாஸில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து கல்லூரி அணிக்கு ஆட வந்துவிட்டார். அங்கே கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அனுமதியும் கொடுத்துவிட்டது. பெரிய பெரிய பயிற்சியாளர்கள் எல்லாம் கொதித்துப் போனார்கள்.

"பணம் வாங்கி ஆடியவன் படிக்கிற பசங்களோடு மோதலாமா டீச்சர்? அநியாயம் இல்லையா?" என்று டெக்சாஸில் இருக்கும் என் பழைய மாணவர் கேட்கிறார். என் தம்பி மகனும் அதே கட்சி. "அத்தை, சந்தையில வித்த மாட்டைத் திரும்ப நம்ம தொழுவத்துல கட்ட முடியுமா?" என்கிறான். மனுஷனையும் மாட்டையும் ஒரே தராசில் வைத்ததற்கே அவன் தலையில் ஒரு குட்டு வைத்திருக்க வேண்டும்.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு பையன் காசு வாங்கினானா என்று கேட்பது தவறான கேள்வி. வகுப்புக்கு வருகிறானா, வயது என்ன என்று கேளுங்கள். விளையாட்டில் "காசு வாங்கினாயா" என்ற கேள்வி யாரை வெளியே தள்ளுவதற்காகப் பிறந்தது என்று வரலாறு நடத்தியவள் என்ற உரிமையில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் ஹென்லி படகுப் போட்டி என்று ஒன்று, இன்றும் நடக்கிறது. 1879-இல் அவர்கள் அமெச்சூர் என்பவன் யார் என்று எழுதி வைத்தார்கள். படகு ஓட்டிக் காசு வாங்கியவன் கூடாது என்பதோடு நிற்கவில்லை. கைத்தொழில் செய்கிறவன், மெக்கானிக், கூலி வேலை பார்ப்பவன் யாருமே கூடாது. 1937 வரை இந்த வாசகம் இருந்தது. அந்த விதிப்படி நம் ஜெயங்கொண்டம் பக்கம் தறியில் உட்காருகிற பையனும், அரியலூரில் சிமென்ட் மூட்டை ஏற்றுகிறவனும் துடுப்பைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க முடியாது. துரைமார்கள் கூலிக்காரனிடம் தோற்க விரும்பவில்லை. அதற்கு வைத்த மரியாதையான பெயர்தான் அமெச்சூர்.

கிரிக்கெட்டில் இதே கதை. 'ஜென்டில்மென்' என்று ஒரு அணி, 'பிளேயர்ஸ்' என்று ஒரு அணி. முதல் அணி பணக்கார வீட்டுப் பிள்ளைகள், இரண்டாவது சம்பளத்துக்கு ஆடுபவர்கள். ஸ்கோர் அட்டையில் ஜென்டில்மேனுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், சம்பளக்காரனுக்குப் பின்னால். ஒருமுறை லார்ட்ஸ் மைதானத்தில் டிட்மஸ் என்ற சம்பள ஆட்டக்காரருக்குத் தவறிப்போய் இனிஷியலை முன்னால் அச்சடித்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்துத் திருத்தினார்கள்! (நம் ஊரில் எல்லோருக்குமே இனிஷியல் முன்னால்தான். அந்தக் கணக்கில் நாம் அத்தனை பேரும் ஜென்டில்மென்.) 1962-ஆம் ஆண்டோடு அந்தப் பிரிவினை ஒழிந்தது.

என்னை ரொம்பவும் பாதித்தது ஜிம் தார்ப் கதை. அமெரிக்கப் பழங்குடி இனத்தவர், கார்லைல் பள்ளியில் படித்தவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். அடுத்த வருஷமே இரண்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். குற்றம் என்ன? 1909, 1910 கோடை விடுமுறைகளில் ஒரு சிறிய பேஸ்பால் அணியில் சொற்பக் காசுக்கு ஆடியிருக்கிறார். அந்தக் காலத்தில் கல்லூரிப் பையன்கள் பலர் அப்படி ஆடினார்கள், பொய்ப்பெயர் கொடுத்து. இவர் சொந்தப் பெயரில் ஆடினார், மாட்டிக்கொண்டார். 1953-இல் இறந்துபோனார். பதக்கத்தை 1983-இல் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். அந்தப் போட்டிகளில் அவர் ஒருவரே முதலிடம் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொண்டது 2022-இல். நூற்றுப் பத்து வருஷம்! பொய்ப்பெயர்க்காரர்கள் நல்லவர்களாகவே வாழ்ந்து முடித்தார்கள்.

இனி என்.சி.ஏ.ஏ. இத்தனை காலமும் "மாணவன் காசு தொடக்கூடாது" என்று காவல் காத்தது. பயிற்சியாளருக்குச் சம்பளம் கோடிக்கணக்கில், தொலைக்காட்சி உரிமை அதற்கும் மேல். ஆடுகிற பையனுக்குப் படிப்புச் செலவும், அளந்து வைத்த சாப்பாடும். 2014-இல் கனெக்டிகட் பல்கலைக்கழக அணியின் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடுதான் படுக்கிறேன் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அந்த வருஷம் சாம்பியன் ஆன அணியின் நட்சத்திரம் அவர். அதன் பிறகுதான் சாப்பாட்டுக்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்தார்கள். சத்துணவுக் கூடத்தில் கூட ஒரு கரண்டி போடச் சொல்லிக் கேட்கிற பிள்ளைகளை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தவள் நான். அந்தச் செய்தியைப் படித்தபோது, உலகத்திலேயே பணக்கார நாட்டிலுமா என்று இருந்தது.

2021-இல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று விட்டார்கள். 2025 ஜூனில் ஒரு வழக்கு சமரசமாகி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றாயிற்று. ஒரு கல்லூரிக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. ஆக, இப்போது பேய்லரில் ஆடுகிற அமெரிக்கப் பையனும் காசு வாங்கலாம். கல்லூரி கொடுத்தால் கௌரவம், பார்சிலோனாக்காரன் கொடுத்தால் தீட்டா? இதைத்தான் டெக்சாஸ் மாணவரிடம் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

நாஜி விஷயத்தில் எனக்கும் ஒரு உறுத்தல் உண்டு. சீசன் பாதியில் வந்து சேர்ந்தார். அலபாமாவுக்குத் திரும்பி வந்த சார்லஸ் பெடியாக்கோவும் அப்படியே. இவர் முன்பே அங்கே இரண்டு வருஷம் ஆடிவிட்டு, என்.பி.ஏ. ஒப்பந்தமும் போட்டுவிட்டு, 2026 ஜனவரியில் நீதிமன்றத் தற்காலிக உத்தரவோடு வந்து சில ஆட்டம் ஆடினார். பிப்ரவரியில் நீதிமன்றம் உத்தரவை நீட்டிக்க மறுத்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. மேட்ச் நடக்கும்போது வருகிறவன் மேட்சுக்காக வருகிறான். ஜூனில் சேர்ந்து முதல் நாள் முதல் பீரியடில் உட்காருகிறவன் வேறு. விதி போட வேண்டிய இடம் அது.

நம் தமிழ்நாட்டிலேயே அழகான உதாரணம் இருக்கிறது. டென்னிஸ் ராமநாதன் கிருஷ்ணன். சென்னையில் பெர்ட்ரம் கோப்பை என்று கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமான போட்டி. பள்ளிக்கூடத்துப் பையனான கிருஷ்ணனுக்கு அதில் ஆட லயோலா கல்லூரி முதல்வர் தனி அனுமதி கொடுத்தார். 1951-இல் அந்தச் சிறுவன் கல்லூரி அண்ணன்களை எல்லாம் ஜெயித்துக் கோப்பையை எடுத்துப் போனான். விதியை மட்டும் பார்த்திருந்தால் "நீ கல்லூரி மாணவன் இல்லை, போடா தம்பி" என்று அனுப்பியிருக்கலாம். அந்த முதல்வர் பையனைப் பார்த்தார்.

அதே கிருஷ்ணனிடம் 1959-இல் ஜாக் கிரேமர் வந்து, மூன்று வருஷத்துக்கு 1,50,000 டாலர், தொழில்முறை ஆட்டக்காரராக வா என்றார். மறுத்துவிட்டார். வாங்கியிருந்தால் விம்பிள்டன் வாசலை மிதித்திருக்க முடியாது. அன்றைக்குக் காசுக்கு ஆடுபவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. 1960, 1961 இரண்டு முறை அரையிறுதி வரை போனார். 1968-இல் டென்னிஸ் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒன்பது வருஷ வித்தியாசம். இந்தப் பக்கம் நின்றால் மானஸ்தன், அந்தப் பக்கம் போனால் விலைபோனவன் என்று பேசிய விதி, ஒரு நாள் காகிதத்தை மாற்றியதும் காணாமல் போய்விட்டது. டென்னிஸ் ஒன்றும் அழிந்துவிடவில்லை.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நமக்கு கபடி இருக்கிறது. 2014-இல் புரோ கபடி வந்தது, 2017-இல் தமிழ் தலைவாஸ் வந்தது. அதற்குப் பிறகு செந்துறை, திருமானூர், குன்னம், வேப்பந்தட்டைப் பக்கத்துப் பையன்கள் தொடை தட்டுகிற சத்தமே மாறிவிட்டது. பொங்கல் கபடியில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆடி, பரிசுப் பணத்தைப் பிரித்துக்கொண்டு விடிகாலை பஸ்ஸில் வருகிற பையன்களுக்கு, அதே ஆட்டத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள் என்பது சின்ன விஷயமா?

ஆனால் அந்தப் பணம் எவ்வளவு நாளைக்கு? 2022 ஏலத்தில் பவன் ஷெராவத்தை தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று, அந்த சீசனே முடிந்தது. அவர் பெரிய ஆள், தேறி வந்துவிட்டார். நம் பையனுக்கு முழங்கால் போனால்?

போனது. என்னிடம் பத்தாம் வகுப்பில் வரலாறு படித்த பையன். பெயர் வேண்டாம். ஒரு லீக் அணியின் முகாமில் எடுத்தார்கள், ஒரு சீசன் முழுக்கப் பெஞ்சில் இருந்தான், பயிற்சியில் அடிபட்டது, அடுத்த வருஷம் கூப்பிடவில்லை. வந்த பணத்தில் ஓட்டு வீடு தளம் ஆனது, அக்காள் கல்யாணக் கடன் பாதி அடைந்தது. இப்போது முழங்கால் சரியாகி, 22 வயதில் பி.ஏ. படிக்க ஆசைப்படுகிறான். ஒரு கல்லூரியில், "நீ புரொபஷனல் ஆயிட்டே, அணியில சேர்க்க முடியாது, விளையாட்டு ஒதுக்கீடும் கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று நான் போன் செய்து கேட்டேன். "வழக்கம் மேடம்" என்றார்கள்.

வழக்கம்! பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் பார்ப்பது முழுநேர மாணவனா, 25 வயதுக்குள்ளா, முழுநேர வேலையில் இருக்கிறானா என்பதைத்தான். உலகப் பல்கலைக்கழக விளையாட்டிலும் மாணவனா, வயது என்ன என்றுதான் கேட்கிறார்கள். முன்பு 28 வரை இருந்ததை 25 ஆகக் குறைத்தார்கள். சரியான விதி. வேலையில் இருப்பவன் வேண்டாம் என்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. வேலை போய், புத்தகத்தைத் தேடி வருகிறவனை ஏன் மறிக்கிறீர்கள்?

என் தம்பி மகன் விடமாட்டான். "அத்தை, அணியில பன்னிரண்டு பேர்தான். இவன் வந்தா பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் வெளியே போவானே?" நியாயமான கேள்வி. முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற ஏழைப் பையனின் இடம் அது. அதனால்தான் வயது வரம்பு வேண்டும் என்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன், சிலருக்குப் பிடிக்காது: லீக்கில் நல்ல பணம் பார்த்தவனுக்குக் கட்டணச் சலுகையும் இலவச விடுதியும் வேண்டாம், அதை அந்தப் பதினெட்டு வயதுக்காரனுக்குக் கொடுங்கள். களத்தில் இருக்கிற ஏழு இடத்துக்கு மட்டும் தகுதி பார்த்து எடுங்கள். ஒரு சீசன் பெரிய ஆட்டக்காரர்களோடு பயிற்சி செய்தவன் பக்கத்தில் நின்று ஆடினால், சின்னப் பையனுக்குக் கிடைக்கிற பாடம் எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காது.

இந்த "தூய்மை" பேசுகிற இடங்களில் நடக்கிற வேறொன்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கோப்பைக்காகவே பையனைப் பிடித்து வந்து, ஏதோ ஒரு பாடப்பிரிவில் பெயரை எழுதி, மூன்று வருஷமும் மைதானத்திலேயே வைத்துவிட்டு, கடைசியில் பதினான்கு அரியரோடு ஊருக்கு அனுப்புவது. வருகைப் பதிவேட்டில் மட்டும் அவன் ஒருநாள்கூட விடுப்பு எடுத்திருக்க மாட்டான். அவனுக்கும் காசு கொடுக்கிறார்கள், கவரில். பஸ் செலவு என்று பெயர். அவன் அமெச்சூர், ஒப்பந்தத்தில் சொந்தக் கையெழுத்தைப் போட்டு வரி பிடித்தம் போக வங்கிக் கணக்கில் பணம் வாங்கியவன் கெட்டுப்போனவன். ஜிம் தார்ப் காலத்துப் பொய்ப்பெயர்க்காரர்கள் நம் ஊரில் பதிவேட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என் மாணவர்களில் நாலு பேர் இன்று கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர்கள். எல்லோரும் என் வகுப்பிலிருந்து "மேட்ச் இருக்கு டீச்சர்" என்று சொல்லி ஓடியவர்கள்தான். ஒருவரையும் நான் தடுத்ததில்லை. உங்கள் கல்லூரிக் கையேட்டில் விளையாட்டு வீரர்களுக்கான தகுதி என்ன என்று ஒரு பக்கம் அச்சடித்துப் போடச் சொல்லுங்கள். வயது, சேர்க்கைத் தேதி, 75 சதவீத வருகை, தேர்ச்சி பெற வேண்டிய பாடங்கள். "முன்பு காசுக்கு ஆடியவர்" என்று அதில் ஒரு வரி சேர்க்கத்தான் வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால், என்ன காரணம் என்று எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்புங்கள். சேர்க்கை ஆரம்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. நான் வீட்டில்தான் இருக்கிறேன்.