சின்னத் தாத்தா "ஓய்வு" பெறவில்லை

என் பழைய மாணவ மாணவியரே, சொந்தபந்தங்களே, கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நேற்று நம் குடும்பக் குழுவில் சின்னத் தாத்தாவின் நினைவு நாளுக்கு ஒரு படம் போட்டிருந்தீர்கள். பின்னால் புத்தம் புதுப் போர்க்கப்பல், முன்னால் தாத்தா, கீழே "ஓய்வு பெற்ற கடற்படை வீரர்". ஆளாளுக்குக் கைகூப்பியிருந்தீர்கள். நான் கூப்பவில்லை. அந்த வாசகம் பொய். வெள்ளைக்காரன் அவரை வேலையை விட்டுத் துரத்தினான். ஏன் துரத்தினான் என்பதுதான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம். அதைத்தான் அழித்துவிட்டீர்கள்.

நம் வீட்டுக்கு இது புதிதல்ல. வரன் பார்க்க வருகிறவர்களிடம் பெரியவர்கள் "நேவியில இருந்துட்டு வந்தவர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். செங்கல்பட்டில் ரேடியோ ரிப்பேர் கடையில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த தாத்தாவும் மறுத்துப் பேசமாட்டார். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் எங்களை மாமல்லபுரம் கூட்டிப்போகும் நாளில், கடற்கரைக் கோயில் பக்கத்து மணலில் உட்கார்ந்தால்தான் வாய் திறப்பார்.

நடந்தது இதுதான். பம்பாயில் "தல்வார்" என்று கடற்படையின் சிக்னல் பயிற்சி நிலையம். அங்கே பையன்களுக்கு மோசமான சாப்பாடு, வெள்ளை மாலுமிக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த சம்பளம், அதற்கு மேல் அதிகாரியின் கெட்ட வசவு. 1946 பிப்ரவரி 18 அன்று சாப்பிடவும் மாட்டோம், வேலை செய்யவும் மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். சில நாளில் 78 கப்பல்கள், 20 கரை நிலையங்கள், சுமார் 20,000 மாலுமிகள் சேர்ந்தார்கள். காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் மூன்றும் ஒன்றாகப் பறந்தன. சோறு கேட்டதோடு நிற்கவில்லை. நேதாஜியின் படையினரை விடுதலை செய், இந்தோனேசியாவில் இருக்கும் இந்தியச் சிப்பாய்களைத் திருப்பிக் கூப்பிடு என்றும் கேட்டார்கள். பம்பாய் மக்கள் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆதரவாகத் தெருவில் இறங்கிய தொழிலாளிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பழிவாங்க விடமாட்டோம் என்று தலைவர்கள் சொன்னதை நம்பி 23ஆம் தேதி பணிந்தார்கள். ஆனால் பலருக்குச் சிறை, நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை நீக்கம். சுதந்திரம் வந்த பிறகும் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

படத்தைப் பற்றிக் கேட்டபோது நம் அண்ணன் ஒருவர் போனில் சொன்னார்: "அதெல்லாம் கலகம்மா. சீருடை போட்டவன் அடங்கித்தான் போகணும். எதுக்கு வெளியில சொல்லிக்கிட்டு?"

அண்ணா, 36 வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவள் நான். ஒழுங்கு என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். முறையாகக் குறை சொல்லிப் பார்த்தார்கள், பதிலுக்கு வசவுதான் கிடைத்தது. அதன் பிறகுதான் உட்கார்ந்தார்கள். பின்னால் இரண்டு பக்கமும் துப்பாக்கி வெடித்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் அதைக் "கலகம்" என்று சொன்னது யார்? வசவு வாங்கியவனா, வசவு கொடுத்தவனா? இன்றைக்கு மும்பை கொலாபாவில் அந்த எழுச்சிக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில் அதையும் விடுதலைப் போராட்டமாகச் சேர்த்திருக்கிறார்கள். அரசாங்கமே வெட்கப்படாத விஷயத்துக்கு நாம் ஏன் வெட்கப்படுகிறோம்?

இன்னொரு பக்கம், சுதந்திரமே இவர்களால் மட்டும்தான் வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதுவும் வேண்டாம். தாத்தா ஒருநாளும் அப்படிப் பீற்றிக்கொண்டதில்லை.

எனக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்டியது அந்த ரேடியோ கடை. 1982இல் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஜூலையில்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியது. தாத்தா கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "பாப்பா, சோறு நல்லால்லன்னு புள்ளைங்க சொன்னா வாய மூடுன்னு சொல்லாத. மொதல்ல நீ ஒரு வாய் தின்னு பாரு."

அன்று முதல் ஓய்வு பெறும் வரை, பள்ளியில் இருந்த நாளெல்லாம் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். "டீச்சர் நம்ம சோத்தத் திங்கறாங்க" என்று சிரித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அது என் பழக்கம் இல்லை, கண்ணுங்களா. பம்பாயில் தட்டைத் தள்ளி வைத்த ஒரு மாலுமியின் பழக்கம்.

ஆகவே அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். புதுக் கப்பலும் வேண்டாம். கடைவாசலில் அழுக்குச் சட்டையோடு நிற்கும் அவருடைய போட்டோ என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். கீழே இப்படி எழுதுங்கள்: "1946 கடற்படை வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதால் வேலை இழந்தவர்."

அப்புறம் கைகூப்புங்கள். முதல் ஆளாக நானும் கூப்புகிறேன்.

— உங்கள் டீச்சர்