சர்வர், டிரைவர், ஒரு துண்டுக் காகிதம்

ஆஸ்பத்திரிக் கவுண்டரிலும் பள்ளிக்கூட ஆபீஸிலும் உட்கார்ந்து வேலை பார்க்கும் சகோதரிகள் பலருக்கு இந்தச் சின்னப் பெட்டி பழக்கமானதுதான். கம்ப்யூட்டர் திரையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் டிபன் பாக்ஸ் அளவுதான். விசிறிச் சத்தம் கிடையாது. மின்சாரமும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். இதற்குத் 'தின் கிளையண்ட்' என்று பெயர். நாம் செல்லமாக 'ஒல்லிப் பெட்டி' என்று வைத்துக்கொள்வோமே!

ஒல்லிப் பெட்டிக்குச் சொந்தச் சரக்கு அதிகம் இல்லை. கணக்கு, கடிதம், ரசீது எல்லாம் தயாராவது வேறெங்கோ இருக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டரில். அதன் பெயர் சர்வர். சர்வர் என்றதும் தோளில் துண்டுடன், "சூடா என்ன வேணும்?" என்று வந்து நிற்பவர் ஞாபகம் வருகிறதா? இந்தச் சர்வர் அப்படி அல்ல. சமையற்கட்டை விட்டு வெளியே வருவதே இல்லை! நாம் தட்டும் எழுத்து அங்கே போகிறது. அங்கே நடப்பது நம் திரையில் படமாகத் தெரிகிறது. ஒரு பெட்டி பழுதானால் இன்னொன்றை மாட்டி, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம். எவ்வளவு சௌகரியம்!

தகராறு ஆரம்பிப்பது, காகிதத்தில் அச்சடிக்க வேண்டும் என்னும்போதுதான். சமையல்காரர் உள்ளே, இலை வெளியே. எந்த இலையில் பரிமாறுவது என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றின் கிளையில் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர்களுடைய சர்வர் வேறு ஊரில், தலைமை நிலையத்தில் இருக்கிறதாம். ஒரு நாள், வீட்டில் யாருக்கும் இன்னும் விஷயத்தைச் சொல்லாத ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டை அச்சடிக்கச் சொன்னார். கிளையில் காகிதம் வரவில்லை. தலைமை நிலையத்து வரவேற்பறையில் வந்து விழுந்தது! எடுத்துப் பார்த்தவர் யார் தெரியுமா? அந்தப் பெண்ணின் நாத்தனார். "தப்பு என்னுடையதா, யந்திரத்தினுடையதா?" என்று கேட்கிறார் சகோதரி.

அம்மணி, தப்பு உங்களுடையது அல்ல. யந்திரத்தினுடையதும் அல்ல. ஏற்பாட்டினுடையது. எப்படி என்று பார்ப்போம்.

ஒல்லிப் பெட்டி உள்ள இடத்தில் பிரிண்டரை வைக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, பிரிண்டரைப் பெட்டியோடு சேர்க்காமல் நேரே நெட்வொர்க் வயரில் மாட்டுவது. பிரிண்டருக்கென்று ஒரு ஐ.பி. முகவரி இருக்கும். சர்வர் அந்த முகவரிக்கே காகித வேலையை அனுப்பிவிடும். பெரும்பாலான நெட்வொர்க் பிரிண்டர்கள் 9100 என்ற எண்ணுள்ள வாசலில் காத்திருக்கும். இதில் ஒரே ஒரு ஜாக்கிரதை தேவை: அந்த முகவரி மாறக்கூடாது. வாடகை வீடு மாற்றுகிறவர்களுக்குக் கடிதம் தவறுவதுபோல, மின்சாரம் போய் வந்ததும் முகவரி மாறிவிட்டால் அச்சு வேலை அந்தரத்தில் நிற்கும். ஆகவே ரூட்டரிலேயே, 'இந்தப் பிரிண்டருக்கு இந்த முகவரிதான்' என்று நிரந்தரமாக ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

சர்வரும் பிரிண்டரும் ஒரே கட்டிடத்தில் இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் சர்வர் வேறு ஊரில் இருந்தால்? கிளையில் 192.168 என்று தொடங்கும் முகவரி, தெருவுக்குள் மட்டும் தெரிந்த வீட்டுப் பெயர் மாதிரி. வெளியூர்ச் சர்வருக்கு அது தெரியாது. இரண்டு ஊரையும் இணைக்கும் தனிப்பாதை போட்டிருந்தால்தான் எட்டும்.

இரண்டாவது வழி, பிரிண்டரை ஒல்லிப் பெட்டியின் யு.எஸ்.பி. துவாரத்தில் செருகுவது. நாம் சர்வரோடு தொடர்பு கொண்டதும், "என்னிடம் ஒரு பிரிண்டர் இருக்கிறது" என்று பெட்டி சொல்லும். சர்வரும் அதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். வெளியூர்ச் சர்வருக்கும் இது சரிப்படும். வந்த வழியாகவே அச்சு வேலை திரும்பிப் போகிறது அல்லவா?

விண்டோஸ் சர்வரில் இப்படிச் சேரும் பிரிண்டரின் பெயருக்குப் பின்னால் 'ரீடைரக்டட் 3' என்பதுபோல ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். விஷயம் இங்கேதான் இருக்கிறது. இன்று 3 என்றால் நாளை மறுபடி நுழையும்போது 7 ஆக இருக்கலாம். சில பழைய புரோகிராம்கள் நேற்றைய பெயரையே ஞாபகம் வைத்துக்கொண்டு தேடும். கிடைக்காவிட்டால் பட்டியலில் கைக்குக் கிடைத்த வேறொரு பிரிண்டருக்கு அனுப்பிவிடும். காலையில் பிரிண்டரின் சுவிட்சைப் போடாமலே உள்ளே நுழைந்தாலும் இதே கதிதான். நாத்தனார் கையில் ரிப்போர்ட் போனது இப்படித்தான் இருக்க வேண்டும்.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலில் பிரிண்டர் சுவிட்சைப் போடுங்கள். பிறகு சர்வருக்குள் நுழையுங்கள். இரண்டாவது, கிளையில் இருப்பவர்களின் பட்டியலில் தலைமை நிலையத்துப் பிரிண்டர் தெரியவே கூடாது என்று சர்வரைக் கவனிப்பவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு பிரிண்டரையும் யார் உபயோகிக்கலாம் என்று அனுமதி வைக்க இடம் இருக்கிறது. கண்ணில் படாத இலையில் யாரும் பரிமாற மாட்டார்கள்! மூன்றாவது, ரகசியக் காகிதங்களுக்கு, பிரிண்டர் அருகில் போய் எண்களைத் தட்டினால்தான் அச்சடிக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தபடியாக டிரைவர் விவகாரம். இவர் கார் ஓட்டுகிறவர் அல்ல. சர்வர் பேசும் பாஷையைப் பிரிண்டருக்குப் புரியும் பாஷையாக மாற்றும் துபாஷி. சாதாரணக் கம்ப்யூட்டரில் அது கம்ப்யூட்டரிலேயே இருக்கும். ஒல்லிப் பெட்டி விஷயத்திலோ, பிரிண்டர் இங்கே இருந்தாலும் துபாஷி சர்வரில் இருக்க வேண்டும்! பிரிண்டரோடு வந்த குறுந்தகட்டைப் பெட்டியருகில் வைத்துக்கொண்டு தவிப்பதில் பல சமயம் பிரயோஜனம் இல்லை.

2008-ஆம் வருஷத்து விண்டோஸ் சர்வரில் 'ஈஸி பிரிண்ட்' என்று ஒரு பொதுத் துபாஷி வந்தது. பெட்டிக்குள் இருப்பதும் விண்டோஸ் என்றால், பிரிண்டரின் டிரைவர் பெட்டியில் இருக்கும்வரை, சர்வரில் அதுவே பெரும்பாலும் போதும். லினக்ஸ் பெட்டியாக இருந்தால், பெட்டியில் எழுதும் டிரைவர் பெயரும் சர்வரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு புள்ளி தவறினாலும் யந்திரம் மௌனவிரதம்தான்.

"டிரைவரை நானே போட்டுக்கொள்ளக்கூடாதா?" என்று கேட்பீர்கள். 2021-ல் விண்டோஸின் அச்சுப் பகுதியில் திருடர் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. 'பிரிண்ட் நைட்மேர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த ஆகஸ்டு மாதத்திலிருந்து, நிர்வாகி உரிமை உள்ளவர்தான் டிரைவர் போடலாம் என்று மைக்ரோஸாப்ட் கட்டுப்பாடு செய்துவிட்டது. ஆகவே சர்வர்காரர் மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு வார்த்தை. மிகவும் மலிவான சில பிரிண்டர்கள் தாங்களாக ஒன்றும் செய்யாது. பக்கத்தைப் புள்ளி புள்ளியாகத் தீட்டும் வேலை முழுவதையும் கம்ப்யூட்டர் தலையில் சுமத்திவிடும். அப்படித் தீட்டிய படம் பெரிய மூட்டையாக வயர் வழியே வரும். அது வந்து சேரும்வரை திரைகூட நகராமல் முரண்டு பிடிக்கும். 'பி.ஸி.எல்.' அல்லது 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' தெரியுமா என்று கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

பிரிண்டர் மக்கர் செய்தால் பதறாமல் வரிசையாகப் பாருங்கள். முதலில் பிரிண்டரின் பட்டனை அழுத்தி அதன் சொந்தப் பரிசோதனைப் பக்கத்தை எடுங்கள். வந்தால் யந்திரம் நலம். நெட்வொர்க் பிரிண்டராக இருந்தால் முகவரியும் பெரும்பாலும் அதில் இருக்கும். அடுத்து, சர்வரிலிருந்து ஒரு பக்கம் அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் வந்தால், கடைசியில் உங்கள் பெயரில் நுழைந்து அச்சடித்துப் பாருங்கள். எந்தப் படியில் நிற்கிறதோ, அங்கேதான் கோளாறு. இவ்வளவையும் பார்த்து வைத்துக்கொண்டு டெலிபோன் செய்தால், ரிப்பேர்க்காரர் உங்களிடம் மரியாதையாகவே பேசுவார்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். புது ஏற்பாட்டைச் சோதிக்கும்போது யாருடைய ரிப்போர்ட்டையும் மார்க்குப் பட்டியலையும் அனுப்பாதீர்கள். 'சோதனை' என்று மட்டும் அடித்து அனுப்புங்கள். அது எந்த ஊரில் போய் விழுந்தாலும் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை!