பழைய மாருதியும் பாலிடெக்னிக் மாணவனும்



"கார் ரேஸ்" என்று சொன்னதும் நம்மில் பாதிப் பேருக்கு என்ன ஞாபகம் வருகிறது? டி.வி.யில் பறக்கும் பார்முலா ஒன் கார், கோடீஸ்வரன் வீட்டுப் பிள்ளை, கூலிங் கிளாஸ். "அதெல்லாம் பணக்காரன் சமாச்சாரம்பா, நமக்கெதுக்கு?" என்று சொல்லிவிட்டு கேன்டீன் பக்கம் போய்விடுகிறோம். இந்த மலரில் அதை மறுத்து நாலு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறேன். பந்தயத்தில் கார் ஓட்டுவது செலவு பிடித்த வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பழைய சின்னக் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது இருக்கிறதே, அது நம் வேலை. கையில் ஸ்பேனரும் மண்டையில் கொஞ்சம் கணக்கும் உள்ள டிப்ளமோ மாணவனின் வேலை.

முதலில் ஒரு சங்கதி. கார் பந்தயம் நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் தொடங்கியது. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் வருஷக்கணக்காகப் பந்தயம் நடந்தது. அங்கே பியட், ஹெரால்டு போன்ற சாதாரண ரோட்டு கார்களையும் பிரித்து மாற்றி ஓட்டினார்கள். பிறகு 1990ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனித் தடமே வந்துவிட்டது. திருத்தணியில் பஸ் ஏறி திருவள்ளூரில் மாறினால் போய்ச் சேரும் தூரம்தான்.

கோயம்புத்தூரில் கரிவரதன் என்றொருவர் இருந்தார். மாருதி 800ன் மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர். அந்த வகைக்குப் பெயர் பார்முலா மாருதி. அதில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன்தான் 2005ல் ஜோர்டான் அணிக்காக பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர். கரிவரதன் 1995ல் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் ஊர் மெக்கானிக் கடையில் மூலையில் கிடக்கும் அதே எஞ்சின்தான் நண்பர்களே, உலகத் தடத்துக்கு முதல் படியாக இருந்திருக்கிறது.

மாருதி 800 விற்பனைக்கு வந்தது 1983 டிசம்பரில். கடைசி வண்டி தயாரானது 2014 ஜனவரியில். இடையில் 25 லட்சத்துக்கும் மேல் ஓடிவிட்டது. அதனால் பழைய வண்டியும் கிடைக்கிறது, சாமானும் கிடைக்கிறது. 796 சி.சி., சுமார் 37 குதிரைத்திறன், ஏறக்குறைய 650 கிலோ எடை. இதை வைத்து என்ன பந்தயம் என்று சிரிக்காதீர்கள். இங்கிலாந்தில் 1959ல் மினி என்ற சின்னக் கார் வந்தபோதும் பலர் சிரித்தார்கள். 1964ல் வெறும் 1071 சி.சி. மினி கூப்பர் எஸ், பெரிய பெரிய கார்களைத் தள்ளிவிட்டு மாண்டி கார்லோ ராலியில் ஜெயித்தது. எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தை இழுக்க வைக்கும் அந்த மினியின் அமைப்புதான் நம் மாருதியிலும் இருக்கிறது.

சரி, "ட்யூனிங்" என்றால் என்ன? நம் பசங்க பலரைக் கேட்டால், சைலன்சரை அறுப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது, "டர்ர்ர்" என்று சத்தம் வர வைப்பது என்பார்கள். அது ட்யூனிங் இல்லை. எதிர் வீட்டுக் குழந்தையை எழுப்பி விடுகிற வேலை.

என் அப்பா பவர்லூம் தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ஆனால் ட்யூனிங் என்ற வார்த்தைக்கு எனக்கு முதலில் அர்த்தம் புரிந்தது வகுப்பில் இல்லை, தறியில். பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கிற நேரத்துக்குச் சரியாக நாடா பறக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் வாய் மூடிக்கொள்ளும், நாடா நடுவில் மாட்டும், நூறு நூல் அறுந்து போகும். அப்பா சத்தத்தைக் கேட்டே "இது லேட்டா அடிக்குதுடா" என்று சொல்லிவிடுவார். தறியை வேகமாக ஓட்டுவதற்கு முன்னால் இந்த நேரத்தைச் சரி பண்ணுவார். எஞ்சினிலும் இதே கதைதான். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் விழ வேண்டும், ஏனென்றால் பெட்ரோல் கலவை எரிந்து முடிக்க நேரம் பிடிக்கும். வேகம் கூடக் கூட இன்னும் முன்னால் விழ வேண்டும். பிந்தினால் சக்தி வீண். ரொம்ப முந்தினால் எஞ்சின் "நாக்" அடிக்கும், பிஸ்டனே பாழாகும். இருப்பதைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவருவதுதான் ட்யூனிங். புதிதாகச் சேர்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆகவே என் கருத்து இதுதான்: பழைய காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறவன் எஞ்சின் சக்தியைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் ஆரோக்கியம், அடுத்து எடை, அடுத்து பிரேக், டயர், சஸ்பென்ஷன். கடைசியில்தான் குதிரைத்திறன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஆரோக்கியம். மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட் பக்கம் சந்தேகம். ஒரு ஸ்பூன் ஆயிலில் எஞ்சினைப் பிரிக்காமலே நோயைக் கண்டுபிடிக்கிறோம். இதைவிட நல்ல பிராக்டிகல் எது?

இரண்டாவது எடை. 650 கிலோவை 37 குதிரை இழுக்கிறது. டிரைவரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஒரு குதிரைக்கு 17.6 கிலோ. பின் சீட், கார்பெட், ஸ்டெப்னி என்று 65 கிலோ இறக்கினால் ஒரு குதிரைக்கு 15.8 கிலோ. எஞ்சினில் 4 குதிரை கூட்டினால் என்ன கிடைக்குமோ அதே லாபம், பைசா செலவில்லாமல்! அதோடு எடை குறைந்தால் நிற்பதும் திரும்புவதும் சேர்ந்து நன்றாகும். எஞ்சினில் கூட்டிய சக்தி இந்த இரண்டையும் தராது.

மூன்றாவது பிரேக். இது ரொம்ப முக்கியம். டிரைவரோடு சேர்த்து 720 கிலோ என்று வையுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வண்டியிடம் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 2 லட்சத்து 78 ஆயிரம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 96 டிகிரிக்குக் கொண்டுபோகும் சூடு அது. அதாவது 100ல் வந்து நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் பிரேக் ஒரு லிட்டர் டீத்தண்ணி போடுகிறது! வேகம் பாதியானால் இது கால்வாசியாகும். வேகம் இரண்டு மடங்கானால் நாலு மடங்கு. தடத்தில் சுற்றுக்குச் சுற்று இப்படி அழுத்திக்கொண்டே இருந்தால் பிரேக் ஆயில் கொதிக்கும், குமிழ் வரும், பெடல் தரைக்குப் போய்விடும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும். டாட் 4 என்றால் 230. ஈரம் சேர்ந்த பழைய டாட் 4 ஆயிலுக்கு உத்தரவாதம் 155 மட்டுமே. அதனால்தான் எஞ்சின் வேலைக்கு முன்னால் புது ஆயிலும் நல்ல பேடும் என்கிறேன்.

நாலாவது டயரும் சஸ்பென்ஷனும். நம் மாருதியில் முன் டயருக்கு இரண்டு வேலை: வண்டியை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். வளைவில் ஆக்சிலேட்டரை அதிகம் மிதித்தால் திருப்பும் வேலைக்குப் பிடிப்பு மிச்சமிருக்காது, வண்டி நேரே போகப் பார்க்கும். காற்றழுத்தம், வீல் அலைன்மென்ட், நல்ல ஷாக் அப்சார்பர் மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் நேரம் குறித்து நோட்டில் எழுத வேண்டும். ஒரே நாளில் நாலையும் மாற்றினால் எதனால் லாபம் என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஹெட்டை இறக்கி, கார்பன் சுரண்டி, வால்வு லேப்பிங் செய்து, காற்று போகும் வழியைச் சீராக்குவதெல்லாம். அதிலும் விதிப்புத்தகம் பக்கத்தில் இருக்க வேண்டும். மாருதியின் போர் 68.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 72. ரீபோர் செய்து 69 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டால் கொள்ளளவு சுமார் 807 சி.சி. ஆகிவிடும். பந்தய வகுப்பின் உச்ச அளவு 800 என்றிருந்து, ரீபோருக்குச் சலுகையும் இல்லை என்றால், அரை மில்லிமீட்டரில் உங்கள் வண்டி வெளியே! டிராயிங்கில் டாலரன்ஸ் எதற்கு என்று சலித்துக்கொள்கிறோமே, பதில் இங்கே இருக்கிறது.

இப்போது கசப்பான ஒரு விஷயம். நம் ஊர் வழியாகப் போகும் திருப்பதி ரோட்டில் ராத்திரி நேரத்தில் சிலர் வண்டியைப் பறக்க விடுகிறார்கள். அவர்களுக்குக் கைதட்டுகிறவர்கள் நம் காலேஜிலும் உண்டு. ஆடிக் கிருத்திகை வந்தால் நம் பக்கத்து ரோடுகளில் காவடி தூக்கிக்கொண்டு ஜனம் வெறுங்காலோடு நடந்து வருகிறது. நகரி, புத்தூர் பக்கமிருந்து வருகிறவர்களும் அதில் உண்டு. அந்த ரோட்டில் என்ன வீரம் வேண்டிக் கிடக்கிறது? 1988ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 189வது பிரிவு, அரசு அனுமதியில்லாமல் பொது இடத்தில் பந்தயம் விடுவதைத் தண்டிக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றி ரோட்டில் ஓட்டுவதை 52வது பிரிவு தடுக்கிறது. எனவே பந்தயத்துக்கு மாற்றிய கார் ரோட்டில் ஓடக் கூடாது. லாரியில் ஏறித் தடத்துக்குப் போக வேண்டும், லாரியிலேயே திரும்ப வேண்டும்.

தடத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2023 ஜனவரி 8ம் தேதி இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடந்த தேசியப் பந்தயத்தில் கே.ஈ.குமார் என்ற 59 வயது மூத்த வீரர் விபத்தில் உயிரிழந்தார். நீண்ட அனுபவமுள்ளவர், டாக்டரும் ஆம்புலன்சும் உள்ள இடம், அங்கேயே இப்படி. அப்படியானால் ஹெல்மெட்டும் ஆம்புலன்சும் இல்லாத ரோட்டில்? ரோல் கேஜ், ஹார்னஸ் பெல்ட், தீயணைப்பான், கட்-ஆப் சுவிட்ச் இவையெல்லாம் அலங்காரம் இல்லை. இவற்றுக்குக் காசு இல்லையென்றால் காரைத் தடத்தில் இறக்கவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

"எலெக்ட்ரிக் கார் வந்தாச்சு, இன்னும் கார்புரேட்டரைக் கட்டிக்கிட்டு அழுவியா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பேட்டரி காருக்கு ஸ்பார்க் பிளக் கிடையாதுதான். ஆனால் அதற்கும் எடை உண்டு, பிரேக் உண்டு, டயர் உண்டு. மேலே சொன்ன வரிசையில் கடைசிப் படி மட்டும்தான் மாறுகிறது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

"இதனால வேலை கிடைக்குமாடா?" என்று அப்பா கேட்டார். இதுதான் பெரிய கேள்வி. நமக்கு முன் படித்த ஒரு சீனியர் அண்ணன் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். வருஷம் முழுக்க ஒரே இடத்தில் நின்று ஒரே போல்ட்டை முடுக்கிவிட்டு வந்தார். கார் எப்படி ஓடுகிறது என்று அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் கற்றுக்கொள்ளவில்லை. நம்மைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாமா கிடையாது. "முழுக் காரையும் பிரிச்சு மாட்டியிருக்கேன், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அளவு எழுதி வச்சிருக்கேன்" என்று ஒரு நோட்டை இன்டர்வியூ மேஜையில் வைக்க முடிந்தால், அந்த நோட்டு பேசும். இதைத்தான் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப சரி, நோட்டைத் தொலைச்சுடாத" என்றார்.

முடிவாக, நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் ஆண்டு விழாவில் லைட் மியூசிக்குக்குச் செலவு செய்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் விசில் அடிக்கிறவன்தான். அதில் ஒரு பங்கை ஒதுக்கி, முன்னாள் மாணவர்களிடமும் கொஞ்சம் கேட்டு, ஒரு பழைய மாருதி 800 வாங்குவோம். இந்தக் காலத்தில் நல்ல பைக் ஒன்றின் விலைக்குள் அது வந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று பார்க்காமல் எல்லாத் துறையும் கை வைப்போம். முதல் வருஷம் ஆரோக்கியமும் எடையும். இரண்டாம் வருஷம் பிரேக்கும் சஸ்பென்ஷனும். மூன்றாம் வருஷம் பாதுகாப்புச் சாமான் பொருத்தி, இருங்காட்டுக்கோட்டையில் அனுபவமுள்ளவர்களிடம் காட்டி, லைசென்ஸ் உள்ள ஒருவர் கையில் கொடுப்போம். அது ஜெயிக்க வேண்டும் என்பதில்லை. கடைசியாக வந்தாலும் முழுச் சுற்றும் ஓடி, கேட்ட இடத்தில் நின்றால் போதும்.

மூன்றாம் வருஷம் வருவதற்குள் நான் வெளியே போயிருப்பேன். முதலாண்டுத் தம்பிகளே, ஸ்பேனர் உங்கள் கைக்கு வரும். நோட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை