பதக்கத்தைப் பார்த்துக் கழகத்தைத் தேர்ந்தெடுக்கலாமா?

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்களிடையே அண்மைக் காலமாக நல்ல மாற்றம் ஒன்று தென்படுகிறது. பரதநாட்டியம், சிலம்பம், கராத்தே என்ற வட்டத்தைக் கடந்து, தங்கள் பிள்ளைகளைச் சீருடற்பயிற்சியில், அதாவது ஜிம்னாஸ்டிக்கில் சேர்க்கப் பலர் முன்வருகின்றனர். பள்ளி விடுமுறை நெருங்கும் வேளையில், "எந்தக் கழகத்தில் சேர்ப்பது, ஆசிரியரே?" என்று கேட்போரும் கூடியிருக்கின்றனர். அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரை.

நம் தொடக்கப்பள்ளி உடற்கல்விப் பாடத்திலேயே அடிப்படை ஜிம்னாஸ்டிக் இடம்பெற்றுள்ளது. ஆயினும், வாரத்தில் ஓரிரு பாடவேளை, சில மெத்தைகள், வகுப்பு நிறைய மாணவர்கள் என்ற நிலையில் ஆசிரியரால் அறிமுகம்தான் செய்துவைக்க முடியும். ஆர்வமுள்ள பிள்ளைக்கு வெளியே ஒரு கழகம் தேவைப்படுகிறது. கழகங்களோ பெரும்பாலும் நகர்ப்புறங்களில் உள்ளன, கட்டணமும் குறைவன்று. எனவே, பெற்றோர் முதலில் தூரத்தையும் கட்டணத்தையும் கேட்கின்றனர். அடுத்து, அக்கழகம் எத்தனை பதக்கம் வென்றது என்று கேட்கின்றனர். இவை கேட்க வேண்டியவையே. ஆனால், இவற்றுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'வலிக்கிறது', 'பயமாக இருக்கிறது' என்று சொல்லும் பிள்ளையை அக்கழகம் எப்படி நடத்துகிறது?

சீருடற்பயிற்சிக்கு இக்கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம்? பிள்ளைகள் ஐந்து, ஆறு வயதிலேயே இதில் நுழைகின்றனர். தலைகீழாகச் சுழலும் பிள்ளையைப் பயிற்றுநர் கையால் தாங்கித்தான் ஆகவேண்டும்; தொடுதல் இங்குத் தவிர்க்க இயலாதது. உடலை வளைத்து நீட்டும்போது ஓரளவு இழுப்பு இயல்பு. ஆகவே, எது இயல்பான இழுப்பு, எது காயத்தின் வலி என்பது சிறு பிள்ளைக்குத் தெரிவதில்லை. மேலும், வளரும் வயதில் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சிப் பகுதி உறுதி குறைந்தது. உடல் எடையைக் கைகளில் திரும்பத் திரும்பத் தாங்கினால் மணிக்கட்டும், முதுகை ஓயாமல் பின்னோக்கி வளைத்தால் கீழ்முதுகும் பாதிப்படையக்கூடும். வாய் திறந்து சொல்ல முடிகின்ற பிள்ளைக்கே இங்குப் பாதுகாப்பு.

பிள்ளைகளின் வாய் அடைக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை உலகம் கண்டுவிட்டது. அமெரிக்க சீருடற்பயிற்சி அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகள் சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார். 2018 ஜனவரியில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது, 150-க்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் தங்கள் வேதனையைப் பதிவு செய்தனர். சில வேளைகளில் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே அக்கொடுமை நிகழ்ந்துள்ளது. பிரிட்டனில் வழக்கறிஞர் ஆன் வைட் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2022 ஜூனில் வெளியானது. காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தல், அடிக்கடி எடை பார்த்து அவமானப்படுத்துதல், உணவு, தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றை மறுத்தல் போன்றவை அதில் விரிவாகப் பதிவாகியுள்ளன. இவ்விரு நாடுகளும் பதக்கங்களுக்குக் குறைவில்லாத நாடுகள் என்பதை மறந்துவிடலாகாது.

நம் சமுதாயத்திற்கு இதில் தனிப்பட்ட கவனம் தேவை. ஆசானைத் தெய்வத்திற்கு இணையாகப் போற்றுவது நம் மரபு. ஓர் ஆசிரியர் என்ற முறையில் அம்மரியாதையின் அருமையை நான் அறிவேன். ஆனால், 'மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எதிர்த்துப் பேசாதே' என்று வீட்டில் சொல்லி அனுப்பும்போது, அம்மரியாதை பிள்ளையின் வாய்க்குப் பூட்டாகிவிடுகிறது. மரியாதை வேறு, கேள்வியின்றி அடங்கிப்போதல் வேறு.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன், ஒரு முழுப் பயிற்சி வேளையாவது அமர்ந்து பாருங்கள். கவனிக்க வேண்டியவை இவை:

1. பெற்றோர் பார்க்க அனுமதி உண்டா? இட நெருக்கடியால் தினமும் அமர முடியாமல் இருக்கலாம். ஆனால், எப்போதுமே கதவு மூடியிருக்கும் கழகம் வேண்டாம்.

2. விழுவதற்குக் கற்றுத்தருகிறார்களா? நல்ல பயிற்றுநர் குட்டிக்கரணத்துக்கு முன்பே, முழங்காலை மடக்கித் தரையிறங்கவும் உருண்டு விழவும் பழக்குவார். மெத்தைகளுக்கிடையே இடைவெளி உள்ளதா என்றும் பாருங்கள். போட்டிச் சமநிலைக் கட்டையின் அகலம் 10 செண்டிமீட்டர், உயரம் 125 செண்டிமீட்டர். புதிய பிள்ளை அதில் ஏறக்கூடாது. தரையில் கோடு, பிறகு தாழ்ந்த கட்டை என்பதே முறை.

3. பயிற்றுநரின் கை எங்கே, எதற்காகப் படுகிறது? 'இப்போது இடுப்பைத் தாங்கப் போகிறேன்' என்று சொல்லித் தொடுபவர் நல்லவர். அழும் பிள்ளையின் தோளை அழுத்திக் கால்களை விரிக்க வைப்பதைக் கண்டால், அங்கேயே முடிவெடுத்துவிடுங்கள்.

4. பயிற்றுநரின் தகுதி என்ன? நம் நாட்டில் பயிற்றுநர்களுக்கான தேசியச் சான்றிதழ் திட்டம் மூன்று நிலைகளில் நடத்தப்படுகிறது. விளையாட்டு அமைப்புகள் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையரிடம் பதிவுபெற வேண்டும். இவற்றைக் கேட்பது அவமதிப்பு ஆகாது.

5. பிள்ளைகளின் உடல் எடையைப் பற்றிப் பிறர் முன்னிலையில் பேசுகிறார்களா? ஆம் எனில், வேறு இடம் தேடுங்கள்.

6. ஓய்வு உண்டா? தொடங்கும் பிள்ளைக்கு வாரம் ஓரிரு முறை போதும். 'இப்போதே தினமும் வராவிட்டால் காலம் கடந்துவிடும்' என்று அச்சுறுத்துவோரை நம்ப வேண்டா. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவித்தினா, 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் தமது 46-ஆம் வயதில் போட்டியிட்டார். அது அவருக்கு எட்டாவது ஒலிம்பிக்!

பெண்பிள்ளைகளின் பெற்றோர் பலர் உடையை எண்ணித் தயங்குகின்றனர். 2015-இல் சிங்கப்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டுக்குத் தங்கம் வென்ற பாரா ஆன் அப்துல் ஹாடியையும் சிலர் உடைக்காகக் குறைகூறினர். அவருக்கு ஆதரவாக எழுந்த குரல்களோ பன்மடங்கு. அதே தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியப் பெண்கள் கணுக்கால் வரை மூடிய உடையில் களமிறங்கினர். விதிகள் அதற்கு இடமளிக்கின்றன. ஆகவே, உடையைக் காரணம் காட்டிப் பெண்பிள்ளையின் ஆர்வத்தை முடக்க வேண்டியதில்லை. அவளுக்கு எது வசதியோ அதை அணிய விடுகிறார்களா என்று கழகத்தைக் கேளுங்கள்.

'கண்டிப்பு இல்லாமல் வெற்றியாளர் உருவாவாரா?' என்று சிலர் கேட்கலாம். கண்டிப்பு வேண்டும். நேரத்துக்கு வருதல், வரிசையில் காத்திருத்தல், முழங்கால் நேராகும்வரை மீண்டும் மீண்டும் செய்தல் ஆகிய யாவும் கண்டிப்பே. ஏளனம் செய்வதும் காயத்தை மறைக்கச் சொல்வதும் கண்டிப்பு ஆகா. இதே செயலை ஒரு வகுப்பாசிரியர் செய்தால் நாம் பள்ளி அலுவலகத்தின் படியேறமாட்டோமா? பயிற்சிக்கூடத்திற்கும் அந்த அளவுகோலே பொருந்தும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியே பயிற்சிக்குச் செல்லும் மாணவர் நொண்டி நடந்தாலோ, திடீரென உண்ண மறுத்தாலோ, பயிற்சி நாளன்று முகம் வாடினாலோ, 'களைப்பாக இருக்கும்' என்று கடந்துவிடாமல் விசாரியுங்கள். 2017-ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றங்கள் சட்டத்தின்கீழ், அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றமாகும். தாலியான் காசே 15999 என்ற எண்ணை ஒவ்வொரு பெற்றோரும் ஆசிரியரும் கைப்பேசியில் பதிந்துவைத்திருப்பது நல்லது.

பெற்றோர்களே, பயிற்சி முடிந்து பிள்ளை வாகனத்தில் ஏறியதும், 'இன்று என்ன புதிதாகச் செய்தாய்?' என்று கேளுங்கள். கூடவே 'எங்காவது வலித்ததா?' என்றும் கேளுங்கள். அதற்குத் தயங்காமல் பதில் வரும் கழகம், பதக்கமே வெல்லாத கழகமாக இருந்தாலும், நல்ல கழகம்தான்.